ஒரு மாதத்தில் ‘நோய் தெரியவில்லை’ என்ற பிறகும் ஏன் இரண்டரை ஆண்டு?

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகளுக்கு ஐந்து வயது. மூன்று வாரம் விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வலி, பிறகு உடம்பில் ஆங்காங்கே நீலத் திட்டுகள். அரசு மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி உடனே சிகிச்சையைத் தொடங்கினார்கள். ஒரு மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘நோய் தெரியவில்லை’ என்றார்கள். வீட்டில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார்கள். அடுத்த வாரமே, இன்னும் இரண்டரை ஆண்டு மருந்து எடுக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை கைக்கு வந்துவிட்டது. ‘நோய்தான் போய்விட்டதே, பிள்ளையை இன்னும் ஏன் வதைக்கிறீர்கள்’ என்கிறார் அக்காவின் மாமியார். மீன்பிடித் தடைக்காலம் நெருங்குகிறது, மாமா கையில் பணம் இல்லை. ‘இப்போது நிறுத்தினால் என்ன ஆகும்? தாய்மாமன் என்ற முறையில் நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்கிறார்.

தம்பி, குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பழைய வண்ணாரப்பேட்டையில்தான் இருக்கிறேன். மருந்தின் அளவையும் பெயரையும் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தக் கூடாது. அந்த வார்டில் நோயிடம் நாங்கள் தோற்ற குழந்தைகள் உண்டு. நன்றாகத் தேறிக்கொண்டிருந்தபோது பாதியில் வீட்டுக்குக் கூட்டிப்போகப்பட்டு, ஆறு மாதம் கழித்துத் தூக்கிக்கொண்டு வரப்பட்ட குழந்தைகளும் உண்டு. இரண்டாவது வகைதான் இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மாமியாரின் கேள்வி தவறான கேள்வி இல்லை. நோய் இல்லை என்றால் மருந்து எதற்கு என்று யாருக்கும் தோன்றும். அவருக்குப் புரிகிற மாதிரி இப்படிச் சொல்லுங்கள். ரேஷன் அரிசியில் வண்டு விழுந்துவிட்டால் முறத்தில் போட்டுப் புடைக்கிறோம், வெயிலில் காயவைக்கிறோம். கண்ணுக்கு ஒரு வண்டும் தெரியாது. அப்படியே மூடி வைத்துவிட்டால் அடுத்த மாதம் தவலை முழுக்க வண்டு. அரிசிக்குள் இருந்த முட்டை நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ரத்தப் புற்றுநோயும் ஏறத்தாழ இப்படித்தான். ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பகுதி ‘அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா’ என்ற வகை. வார்டில் சுருக்கமாக ஏ.எல்.எல். என்போம். கண்டுபிடிக்கும் நேரத்தில் குழந்தையின் உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும். முதல் மாத மருந்தில் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தாலும் ஆயிரம் கோடி மிச்சம். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது அவை நல்ல செல்களுக்கு இடையே மறைந்துவிடுகின்றன. பத்தாயிரம் செல்லில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கிற பரிசோதனை இப்போது வந்துவிட்டது. அதிலும் அகப்படாமல் ஒளிந்திருப்பவை உண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீருக்குள் பல மருந்துகள் சரியாகப் போய்ச் சேருவதில்லை என்பதால் அங்கேயும் சில தங்கிவிடும். முதுகில் ஊசி போடுவது அதற்காகத்தான். ‘முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்’ என்று உங்கள் தெருவில் யாராவது சொல்லியிருப்பார்கள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போகிறது. ஊசிக்குப் பிறகு சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொல்வார்கள், தலைவலி வரலாம்.

அந்த முதுகு ஊசியில் பெரும்பாலும் போவது மெத்தோட்ரெக்சேட். அதன் கதை நம் ஊரோடு தொடர்புடையது என்பதால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர் நம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் சொல் கேட்டுக் கதர் அணிந்து வகுப்புக்கு வந்ததால், முழுப் பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழைத்தான் பெற்றார். 1920களில் அமெரிக்கா போனார். அவர் தலைமையிலான ஆய்வுக்கூடம் உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தை, 1947 இறுதியில் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அந்த நோய் வந்த குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துகொண்டிருந்தார்கள். 16 குழந்தைகளில் 10 பேர் தேறினார்கள், எழுந்து விளையாடினார்கள். 1948இல் அதை எழுதி வெளியிட்ட ஃபார்பர், இந்த முன்னேற்றம் தற்காலிகமானது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். நோய் திரும்பி வந்தது. மெத்தோட்ரெக்சேட், அமினோப்டெரினின் தம்பி மாதிரியான மருந்து.

இன்று உங்கள் அக்கா மகள் நிற்கிற இடத்தில்தான் 1948இல் அந்தக் குழந்தைகள் நின்றார்கள். நோய் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் என்ன செய்வது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அடுத்த இருபது ஆண்டுகளில்தான் மருத்துவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். 1962இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் திறந்த குழந்தைகள் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் என்பவர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார், மூளைக்கென்று தனிச் சிகிச்சை கொடுத்தார், நோய் மறைந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் மருந்தைத் தொடர்ந்தார். 1960களின் இறுதியில் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். இங்கே 1980களில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் மும்பை டாட்டா மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் ஒரே சிகிச்சை முறையை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கின. குணமாகிறவர்களின் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது. இன்று வசதியான நாடுகளில் ஏ.எல்.எல். வந்த பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஆகவே அந்த இரண்டரை ஆண்டு என்பது யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு என்று நினைக்காதீர்கள். சீக்கிரம் நிறுத்தியதால் போன குழந்தைகளிடமிருந்து கற்ற கணக்கு அது.

இரண்டரை ஆண்டும் ஒரே கடுமையாக இருக்காது என்பதையும் மாமியாரிடம் சொல்லுங்கள். முதல் ஆறு முதல் எட்டு மாதம்தான் கடினம். அதன்பின் வருவது பராமரிப்புக் காலம். வீட்டிலேயே மாத்திரை, குறிப்பிட்ட இடைவெளியில் ஊசியும் ரத்தப் பரிசோதனையும். முடி வளர்ந்துவிடும். பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்கே போய்விடுவார்கள்.

ஆனால் இந்தச் சுலபமான காலத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. குழந்தை நன்றாக ஓடியாடுகிறது, மாத்திரை சின்னது, ஒரு நாள் மறந்தால் என்ன என்று தோன்றும். தினமும் இரவு கொடுக்கிற மெர்காப்டோப்யூரின் மாத்திரையை நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் தவறவிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் சுமார் இரண்டரை மடங்கு என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினசரி நாள்காட்டித் தாளைக் கிழித்து, அன்றைய மாத்திரையை அதிலேயே மடித்து, கத்தரித்த கால் துண்டோ அரைத் துண்டோ அப்படியே பொட்டலம் கட்டி வைத்திருப்பார். இரவு மாத்திரை கொடுத்த பிறகு வெறும் தாளைச் சுவரில் அடித்த ஆணியில் குத்துவார். பரிசோதனைக்கு வரும்போது அந்தத் தாள்க் கட்டை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைப்பார். நான் எண்ணிப் பார்ப்பேன். ஒரு தாள்கூடக் குறைந்ததில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, மகனை மாமன் தோளில் ஏற்றிவிட்டு, மாத்திரைப் பொட்டலங்களை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாராம். அந்தப் பையன் இப்போது மிதிவண்டி ஓட்டுகிறான். உங்கள் அக்காவுக்கு ஓர் ஆணியும் ஒரு நாள்காட்டியும் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்து, காய்ச்சல். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கீமோ, அதாவது புற்றுநோய் மருந்து, கொடுத்த ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும். ‘கவுண்ட் இறங்கியிருக்கிறது’ என்பார்கள். அந்த நேரத்தில் வருகிற காய்ச்சல் ஓர் இரவுக்குள் குழந்தையைக் கொண்டுபோய்விடும். கையை வைத்துப் பார்த்து ‘லேசாகத்தான் சுடுகிறது’ என்று இருந்துவிடாதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். அக்குளில் வைத்தே பாருங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது, அந்த வழியாக மருந்தும் கொடுக்கக் கூடாது. ஒருமுறை 101 டிகிரி காட்டினாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ உடனே புறப்பட வேண்டும். இரவு இரண்டு மணி, மழை, பண்டிகை எதுவும் பார்க்க வேண்டாம். 108க்கு அழையுங்கள், அல்லது தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டுக் காலையில் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. அவசரப் பிரிவில் வரிசையில் நிற்காமல் முதல் வார்த்தையாக ‘கீமோ எடுக்கிற குழந்தை, காய்ச்சல்’ என்று சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறிவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. சிகிச்சைக் குறிப்பேடு, மாற்றுத் துணி, கொஞ்சம் பணம் எல்லாம் ஒரு பையில் கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்கட்டும்.

நம் பகுதிக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது. அம்மை. நம் தெருக்களில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் வேப்பிலை செருகிவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்பார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, என் தாயாரும் அப்படித்தான். ஆனால் கீமோ எடுக்கிற குழந்தைக்குச் சின்னம்மை வந்தால் அது நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவி உயிரை எடுத்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை, உங்கள் குழந்தை அதோடு விளையாடியது என்று தெரிந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் மூன்று நான்கு நாளுக்குள் சொன்னால் தடுக்க வழி உண்டு. தெருவில் நாலு வீட்டுப் பெண்களிடம் அக்காவே போய், ‘உங்கள் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் எனக்குச் சொல்லிவிடுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளட்டும். கேட்டால் சொல்வார்கள். நோயை மறைத்து வைத்தால்தான் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சிகிச்சை நடக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசியும் போலியோ சொட்டும் கொடுக்க வேண்டாம். வீட்டில் உள்ள சின்னக் குழந்தைகளின் தடுப்பூசி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் எதுவும் இல்லை. அப்போதே சமைத்து, சூடாக, மூடி வைத்துக் கொடுங்கள். லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ, குழந்தைக்குக் கொதிக்கவைத்து ஆறவைத்தது மட்டும். வாழைப்பழம், ஆரஞ்சு மாதிரி தோல் உரிக்கிற பழங்கள் நல்லது. பீச் ரோட்டில் விற்கிற அத்தோ, பேஜோ என்ற பர்மாத் தின்பண்டங்கள் இரண்டரை ஆண்டு காத்திருக்கட்டும். மீன் தாராளமாகக் கொடுக்கலாம். உங்களுக்கு நல்ல மீன் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோயில் தீர்த்தத்தை வாயில் ஊற்றாமல் தலையில் தெளித்துவிட்டால் போதும்.

ஸ்டீராய்டு கொடுக்கிற வாரங்களில் நீங்கள் வேறொரு குழந்தையைப் பார்ப்பீர்கள். முகம் வீங்கி வட்டமாகிவிடும். காரணமில்லாமல் கத்தும், அடிக்கும். பசி என்றால் அப்படி ஒரு பசி. எங்கள் வார்டில் ஒரு சிறுமி இரவு இரண்டு மணிக்கு எழுந்து, ‘மீன் குழம்பு, சோறு’ என்று அழுவாள். பாதி சாப்பிடும்போதே இட்லி கேட்பாள். அவள் அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். கை மட்டும் ஊட்டிக்கொண்டிருக்கும். இது பிடிவாதம் இல்லை, மருந்தின் வேலை. வீட்டில் பெரியவர்கள் ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்’ என்று அக்காவைத் திட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசியால் மலச்சிக்கலும் தாடை வலியும் கால் தடுமாற்றமும் வரும். சிவப்பு நிற மருந்து ஏற்றிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று அலறியடித்துக்கொண்டு ஓட வேண்டாம்.

வின்கிரிஸ்டின் என்றதும் நினைவுக்கு வருகிறது. அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கிற மருந்து. நாம் சுடுகாட்டு மல்லி என்போமே, அதுதான். இது தெரிந்த யாராவது ‘அந்த இலையைக் கஷாயம் வைத்துக் கொடு, எதற்கு ஆஸ்பத்திரி’ என்பார்கள். ஒரு கிராம் மருந்து எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையாவது வேண்டும். அந்தச் செடியில் வேறு பல நஞ்சும் கலந்திருக்கிறது. கஷாயம் கொடுத்தால் நோய் குறையாது, குழந்தைக்குத்தான் கேடு. நாட்டு மருந்து என்று தெரியாத பொடி எதையும் கொடுக்காதீர்கள். திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுங்கள். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் பெரியவர்கள் மட்டும் போய் வாருங்கள்.

‘எதனால் வந்தது?’ நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் அக்கா இரவில் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருப்பார். மாசமாக இருந்தபோது சாப்பிட்ட ஏதோ ஒன்றா, கிரகணத்தில் வெளியே போனதா, சொந்தத்தில் கட்டிக்கொண்டதா. மாமியாரும் ஏதாவது சொல்லியிருக்கலாம். பெரும்பாலான குழந்தைப் புற்றுநோய்களுக்கு இன்னதுதான் காரணம் என்று விரலை நீட்ட முடியாது. பரம்பரையாக வருவது நூற்றில் பத்துக்கும் குறைவு. அம்மா செய்த எதனாலும் வரவில்லை. தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. இதை மாமியார் முன்னால் மருத்துவரின் வாயாலேயே சொல்லவையுங்கள். ஒருமுறை போதும், அந்தப் பெண் நிமிர்ந்து நடப்பார்.

ஆலைகள் நிறைந்த எண்ணூர், மணலி பக்கத்துத் தாய்மார்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: ‘சிஸ்டர், இந்தப் புகையாலா?’ பென்சீன் என்ற ரசாயனத்தை நெடுநாள் சுவாசித்த தொழிலாளிகளுக்கு ரத்தப் புற்றுநோய் வருகிறது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆனால் இந்த ஒரு குழந்தைக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் கழிமுகத்தில் எண்ணெய்யும் காற்றில் அம்மோனியாவும் கலந்ததைப் பார்த்த ஊர் நம்முடையது. நல்ல காற்றைக் கேட்க, ஒரு குழந்தைக்கு நோய் வந்திருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. அந்தப் போராட்டத்துக்கு நான் வருவேன். ஆனால் அதை அக்காவின் தலையில் இப்போது ஏற்ற வேண்டாம்.

இனி பணம். சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்களை ‘படிக்காதவர்கள், அலட்சியக்காரர்கள்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். நான் பார்த்தவர்களில் பிள்ளையின் உயிரை அலட்சியமாக நினைத்தவர் ஒருவர்கூட இல்லை. வாடகை பாக்கி, வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார், அடகில் வைக்க நகை இல்லை, வீட்டில் இன்னொரு குழந்தைக்குச் சோறு வேண்டும். இப்படித்தான் சிகிச்சை நிற்கிறது. வேலைக்குப் போன தாய் மருத்துவமனையில் உட்கார்ந்துவிடுவதால் ஒரு சம்பளம் போகிறது. தந்தை பாதி நாள் அலைவதால் இன்னொரு சம்பளமும் பாதியாகிறது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆட்டோ இலவசம் இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அட்டை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது தாங்கும். தேர்வு செய்யப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் இருக்கிற ஆட்சியர் அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். அக்காவை அலையவிடாதீர்கள். தாய்மாமன் செய்ய வேண்டிய சீரில் இதுதான் முதல் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கவுண்ட் நன்றாக இருக்கிற நாளில் அக்கா பஸ்ஸிலேயே போய் வரலாம். கவுண்ட் இறங்கிய நாளில் பஸ்ஸோ ரயிலோ வேண்டாம், கூட்டத்தில் யார் இருமுவார்கள் என்று தெரியாது. அந்த ஆட்டோச் செலவை மட்டும் மாதக் கணக்கில் நீங்கள் ஏற்றுக்கொண்டால் போதும்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அட்டவணையை எடுத்து அந்த இரண்டு மாதத்தில் எத்தனை முறை மருத்துவமனை போக வேண்டும் என்று இப்போதே எண்ணுங்கள். எவ்வளவு தேவை என்று ஒரு தொகை தெரிந்துவிட்டால், சீட்டுப் பிடிக்கிறவரிடமோ படகு முதலாளியிடமோ துணிந்து பேசலாம். தொகை தெரியாத பயம்தான் மனிதர்களைக் கந்துவட்டிக்கு அனுப்புகிறது. பணம் முடியாத வாரம் வந்தால் வராமல் இருந்துவிடாமல், மருத்துவமனையில் உள்ள சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு காணாமல் போன குடும்பங்களைத் தேடிக்கொண்டு சந்து சந்தாக அலைந்திருக்கிறோம். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏதாவது ஒரு வழி இருந்திருக்கும்.

ரத்தமும் வேண்டும், ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்களும் (பிளேட்லெட்) வேண்டும். தட்டணுக்களை எடுத்த ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. எனவே கேட்கிற நேரத்தில் ஆள் வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். இயந்திரம் வழியாகத் தட்டணு மட்டும் கொடுக்கிறவர் அதைவிடச் சீக்கிரமே மறுபடி கொடுக்கலாம். உங்கள் குப்பத்துப் பையன்கள் இருபது பேரின் பெயர், ரத்த வகை, கைபேசி எண் எழுதிய ஒரு தாள் அக்காவின் பையில் இருக்கட்டும். இதில் நம் பகுதிப் பையன்களைப் போல் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு நள்ளிரவில் தட்டணு இல்லை என்று போன் செய்தபோது, கரை திரும்பிய படகிலிருந்து ஐந்து பேர் குளித்த ஈரம் காயாமல் வந்து நின்றார்கள்.

அந்தப் பெண் குழந்தைக்கு ஓர் அண்ணனோ தங்கையோ இருந்தால் அவர்களையும் பாருங்கள். பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வருவோம், சோறு கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளை, ‘நான் தள்ளிவிட்டேன், அதனால்தான் பாப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டது’ என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும். ஏழு வயதுப் பையன் ஒருவன் மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கினான். தங்கையை ஒரு நாள் வந்து பார்க்கட்டும் என்று அழைத்துவந்தோம். மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘வலிக்குதா’ என்று கேட்டான். அவள் இல்லை என்றாள். வீட்டுக்குப் போனதும் அவனும் மொட்டை அடித்துக்கொண்டான். மாமாவையும் விட்டுவிடாதீர்கள். ஆண்கள் அழமாட்டார்கள், குடிப்பார்கள், அல்லது கடலிலேயே இருப்பார்கள். ஒரு முதுகு ஊசி நாளன்று அவரை உள்ளே அழைத்துப்போய்க் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். ‘ஊசி இல்லை’ என்று சொல்லிக் கூட்டிப்போய் ஊசி போட்டால் அடுத்தமுறை வீட்டு வாசலிலேயே அலறும். ‘ஊசி உண்டு, வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், நான் பக்கத்தில் இருப்பேன்’ என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, ‘சிஸ்டர், நான் செத்துப்போவேனா?’ என்று கேட்டான். ‘உன்னைப் பிழைக்கவைக்கத்தான் இத்தனை பேரும் வேலை செய்கிறோம். உனக்குப் பயமாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடு’ என்றேன். ‘அம்மாவிடம் கேட்கவில்லை, அழுவாள்’ என்றான். குழந்தைகளுக்கு எல்லாம் தெரிகிறது. நம்மைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

முழுச் சிகிச்சை எடுத்தும் சிலருக்கு நோய் திரும்புகிறது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. திரும்பினாலும் வழிகள் உண்டு. வழி முடிந்துவிட்டால் வலியில்லாமல் வைத்திருக்க மருந்துகள் உண்டு. பிழைத்து வளர்கிற பிள்ளைகளுக்கும், வாங்கிய மருந்தைப் பொறுத்து, இதயத்தையும் வளர்ச்சியையும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் சிகிச்சை முடிந்தாலும் அந்தக் குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெண் பிள்ளை, நாளை கல்யாணம் ஆகுமா என்று இப்போதே மாமியார் கேட்பார். என் வார்டில் படுத்திருந்த பெண் ஒருத்தி கையில் குழந்தையோடு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனாள் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஐந்து வயது முடிந்துவிட்டதல்லவா, வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. ‘இந்த வருடம் எதற்கு, பிழைத்து வரட்டும்’ என்று அக்கா சொல்வார். கேட்காதீர்கள். பக்கத்தில் உள்ள மாநகராட்சிப் பள்ளிக்கு நீங்களே போய்த் தலைமையாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிப் பெயரைப் பதிந்துவிடுங்கள். முதல் சில மாதம் வரமாட்டாள், புத்தகத்தை மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள். சீருடையும் வாங்கிவிடுங்கள், ஸ்டீராய்டில் உடம்பு போட்டிருப்பாள், ஓர் அளவு பெரிதாகவே எடுங்கள்.